வால்வு ஆம்ப்பில் பயாஸ் அளப்பது: மீட்டரை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) 1960களில் வரைந்த சர்க்யூட் படம் ஒன்று உண்டு. ஏபி763 என்பது அதன் எண். இன்றும் அந்த ஆம்ப்பைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 பவர் வால்வுகளின் ப்ளேட்டுக்குப் பக்கத்தில் 415 வோல்ட் என்றும், க்ரிட்டுக்குப் பக்கத்தில் மைனஸ் 35 வோல்ட் என்றும் போட்டிருக்கும். கூடவே ஒரு குறிப்பு: இந்த அளவுகள் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்குப் போட்டால் ப்ளேட்டில் 332 வோல்ட் வந்தாலும் சரி, 498 வந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. இந்தப் படத்தோடு பயாஸ் சரிசெய்ய உட்காருகிறவர் உண்மையில் தேடுவது வேறொரு எண்ணை. சத்தம் எதுவும் போகாமல் ஆம்ப் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு பவர் வால்வும் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்க வேண்டும்? அது படத்தில் இல்லை.

அதை நாமே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒழுங்கான மல்டிமீட்டர் போதும். கணக்கும் பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களில் ஒன்று உயிரை எடுக்கக்கூடிய புள்ளியில் இருக்கிறது. அதனால் இந்த வேலையில் எண்ணைவிட வரிசை முக்கியம்: எதை எப்போது மாட்டுகிறோம், எப்போது கையை எடுக்கிறோம் என்பது.

பயாஸ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வால்வின் கேதோடு சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பி, சில நூறு வோல்ட் உள்ள ப்ளேட்டை நோக்கி ஓடும். நடுவில் இருக்கும் க்ரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுத்தால் ஓட்டம் குறையும். மைனஸ் அதிகமாக அதிகமாகக் கரன்ட் குறைவு; மைனஸ் குறையக் குறையக் கரன்ட் அதிகம். கிட்டார் சிக்னல் வராத நேரத்தில் இந்தக் கரன்ட் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் பயாஸ். பைக்கில் ஐட்லிங் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைத்தால், சிக்னலின் இரண்டு பாதியை இரண்டு வால்வுகள் பகிர்ந்துகொள்ளும் புஷ்-புல் ஜோடியில் ஒரு வால்வு விடும் இடத்துக்கும் மற்றொன்று பிடிக்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து, மெதுவாக வாசிக்கும் நோட்டுகள் கரகரவென்று கேட்கும். ரொம்பக் கூட்டினால் சும்மா இருக்கும்போதே வால்வு வெந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். எல்லை மீறினால் ப்ளேட் என்ற அந்தச் சாம்பல் நிறத் தகடு செக்கச்செவேல் என்று கனலும்.

இது தனி மைனஸ் சப்ளை உள்ள ஆம்ப்களின் கதை. இந்த முறைக்கு ஃபிக்ஸட் பயாஸ் என்று பெயர். ஃபெண்டரின் பெரும்பாலான பெரிய ஆம்ப்களும், ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்து லண்டனில் உருவான மார்ஷல் வழியும் இதில் சேரும். வாக்ஸ் ஏசி30, ஐம்பதுகளின் சின்ன டீலக்ஸ் போன்றவை வேறு வகை. கேதோடில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, வால்வு தன் கரன்ட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்படி விட்டிருப்பார்கள். அங்கே திருகுவதற்கு எதுவும் இருக்காது. அளப்பது மட்டும் உண்டு.

ஆபத்து எங்கே இருக்கிறது

"வீட்டில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டிருக்கிறேன், ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். வால்வு ஆம்ப்புக்குள் அந்தப் பாதுகாப்பு செல்லாது. ஆர்சிசிபி பார்ப்பது லைனில் போன கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரன்ட்டும் சமமா என்பதை மட்டும்தான். ஆம்ப்பின் 400 சொச்சம் வோல்ட், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தில் பிறக்கிறது. அதைத் தொட்டால் கரன்ட் உங்கள் உடல் வழியாக, ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேசிஸுக்குப் போய், அங்கிருந்து அதே டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குத் திரும்பிவிடும். சுவர்ப் பக்கத்தில் லைனும் நியூட்ரலும் சமமாகவே இருக்கும். ஆர்சிசிபியைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. சுவர் லைனிலிருந்து ஆம்ப்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இதே நிலைதான். உள்ளே இருக்கும் ஹை வோல்டேஜிலிருந்து அது யாரையும் காப்பாற்றாது.

ஒரு கை ப்ளேட்டிலும் மறு கை சேசிஸிலும் இருந்தால் கரன்ட் நெஞ்சைக் கடந்து போகும். வியர்த்த கை என்றால் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கே இறங்கலாம். 400 வோல்ட்டுக்கு அது 400 மில்லிஆம்பியர் கணக்கு. ஆர்சிசிபி டிரிப் ஆக வைத்திருக்கும் அளவே 30 மில்லிஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஒரு கையைப் பாக்கெட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். கெத்துக்காக அல்ல.

பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் தேங்கி நிற்கும். 100 மைக்ரோஃபேரட் 450 வோல்ட்டில் நின்றால் சுமார் 10 ஜூல். அதைத் தொட்டால் கை உதறித் தள்ளும். அந்த உதறலில் இன்னொரு இடத்தில் மோதிக் காயப்படுகிறவர்கள் உண்டு. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பில் 70 மைக்ரோஃபேரட் கண்டென்சர் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். வோல்டேஜை இரண்டுக்கும் சமமாகப் பிரிப்பது அதன் முதல் வேலை. பவர் போனதும் சார்ஜை வடிப்பது இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது வேலை. 15 நொடிக்கு ஒருமுறை வோல்டேஜ் முன்பிருந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அதனால் ஒன்றரை நிமிடத்தில் அநேகமாகக் காலி. ஆனால் ஐம்பது வருடம் வெந்த ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால்? வடியாது. பல ஆம்ப்களில் இந்த ரெசிஸ்டரே கிடையாது. ஹை வோல்டேஜை மட்டும் துண்டிக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் பவரை அணைக்கும் பழக்கமும் சில ஆம்ப்களில் விஷயத்தை மோசமாக்கும். வால்வுகள் கண்டென்சரிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுவதால் சார்ஜை இழுத்துக்கொள்ள ஆள் இருக்காது.

வடிப்பதற்கு ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கூடாது. பொறி பறக்கும், கண்டென்சர் அடிவாங்கும், உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கலாம். 10 கிலோ ஓம், 5 அல்லது 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் க்ரோகடைல் கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் மாட்டிவிட்டு, மற்றதை ஒரே கையால் கண்டென்சரின் பாசிட்டிவில் மாட்டுங்கள். 100 மைக்ரோஃபேரட்டுக்கு ஐந்தாறு நொடி போதும். பத்து நொடி விட்டால் நஷ்டமில்லை. அப்புறம் மீட்டரை வைத்து ஒவ்வொரு கண்டென்சரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்ச் நடுவில் நின்று ஒரு பகுதியைப் பிரித்து வைத்திருக்கலாம். வடித்த கண்டென்சர் சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சில வோல்ட் திரும்ப ஏற்றிக்கொள்ளும், அதனால் உள்ளே கை வைத்து வேலை செய்யும்வரை கிளிப் மாட்டியபடியே இருக்கட்டும். பவர் போடுவதற்கு முன் அதைக் கழற்ற மறக்காதீர்கள். மறந்தால் அந்த ரெசிஸ்டர் 20 வாட்டைத் தாங்க வேண்டிவரும், கொஞ்ச நேரத்தில் புகை வரும்.

மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்பதாலேயே வோல்டேஜ் இல்லை என்று நம்பவும் கூடாது. லீட் உள்ளே அறுந்திருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். தெரிந்த ஒரு வோல்டேஜில், 9 வோல்ட் பேட்டரியானாலும் சரி, முதலில் வைத்துப் பார்த்து, பிறகு ஆம்ப்பில் அளந்து, மறுபடியும் பேட்டரியில் வைத்துப் பார்ப்பது பழகிய கைகளின் வழக்கம்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 830 வரிசை மஞ்சள் மீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பேட்டரி பார்க்க, அடாப்டர் பார்க்க அருமையான சாமான். அதன் மெல்லிய லீட்டையும், ஃப்யூஸ் இல்லை என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும் 10 ஆம்பியர் துளையையும் நம்பி 450 வோல்ட்டுக்குள் நுழைய நான் சொல்லமாட்டேன். கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்று மீட்டரிலும் லீட்டிலும் இரண்டிலுமே எழுதியிருக்க வேண்டும். ப்ரோப் முனையில் மாட்டும் கொக்கி கிளிப் ஒரு ஜோடியும் வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் பாதுகாப்புக்காகச் செலவழிக்கச் சொல்லும் பணத்தில் மிக உபயோகமான பணம் அதுதான், ஏனென்றால் கொக்கி இருந்தால் ப்ரோப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எர்த்தும் ஸ்டெப்-டவுனும்

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப்பை நம் ஊரில் 230 வோல்ட்டில் ஓட்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அவற்றில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள், லைனிலிருந்து பிரித்துத் தருவதில்லை. சிலவற்றில் வெளியே வரும் சாக்கெட் இரண்டு பின்தான், எர்த் அங்கேயே அறுந்துவிடும். ஆம்ப்பின் சேசிஸிலிருந்து, சுவரில் செருகும் பிளக்கின் எர்த் பின் வரைக்கும் ஓம் மீட்டர் வைத்துப் பார்த்து, தொடர்ச்சி இருப்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அறுபதுகளின் ஃபெண்டரில் இன்னொரு பழைய சங்கதி உண்டு. இரண்டு பின் வயர், பின்புறம் ஒரு கிரவுண்ட் சுவிட்ச், அதிலிருந்து சேசிஸுக்கு 0.047 மைக்ரோஃபேரட் கண்டென்சர். அந்தக் கண்டென்சர் நன்றாக இருந்தாலே 120 வோல்ட்டில் 2 மில்லிஆம்பியர் சேசிஸில் கசியும். ஷார்ட் ஆனால் சேசிஸோடு சேர்ந்து கிட்டாரின் கம்பிகளும் லைன் ஆகிவிடும். பழைமை மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று இதைப் பாதுகாப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பின் வயர் போட்டு, அந்தக் கண்டென்சரைக் கழற்றி, எர்த்தைச் சேசிஸில் இறுக்கிய பிறகுதான் பயாஸ் பற்றிப் பேச வேண்டும்.

அளக்கும் வழிகள்

எல்லா வழிக்கும் பொதுவாகச் சில விஷயங்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ மாட்டாமல் ஆம்ப்பை ஓட்டக் கூடாது. சிக்னல் வந்துவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எழும்பி இன்சுலேஷன் கிழிந்துவிடும். இன்புட்டில் எதுவும் வேண்டாம், வால்யூம் எல்லாம் பூஜ்யத்தில். மோதிரம், செயின், உலோகக் கடிகாரம் கழற்றி வையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பழுதுபார்த்த பிறகு முதன்முறையாகப் பவர் போடுகிறீர்கள் என்றால், எலக்ட்ரீஷியன் கடைகளில் இருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு இங்கேயும் கைகொடுக்கும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாக ஆம்ப்புக்குக் கரன்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்டெப்-டவுன் இருந்தால் பல்பு அதற்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில் வர வேண்டும். பல்பு இருக்கும்போது வோல்டேஜ் இறங்கியிருக்கும், அதனால் பயாஸ் அளக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும்.

முதல் அளவு மைனஸ் வோல்டேஜ் இருக்கிறதா என்பது. பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கறுப்பு லீட்டைச் சேசிஸில் கிளிப் செய்து, சிவப்பை வால்வு சாக்கெட்டின் 5ஆம் பின்னில், அதாவது க்ரிட்டில், கொக்கியால் மாட்டி, அதற்குப் பிறகு பவர் போடுங்கள். ஸ்டாண்ட்பையிலேயே விட்டுவிடலாம், பயாஸ் சப்ளைக்குப் பொதுவாக அது தடையில்லை. டீலக்ஸ் ரிவெர்ப்பில் மைனஸ் 35க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று தெரிய வேண்டும். இரண்டு சாக்கெட்டிலும் தெரிய வேண்டும். அங்கே மைனஸ் இல்லாவிட்டால் வால்வைச் செருகக் கூடாது. செருகினால் ஒரு நிமிடத்துக்குள் தகடு சிவக்கும். வால்வு இல்லாமல் ஸ்டாண்ட்பையிலிருந்து எடுத்து நெடுநேரம் விடுவதும் வேண்டாம். இந்த ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் தருவது 330 வோல்ட் ஏசி. அதன் உச்சம் 466 வோல்ட். சுமை இல்லாதபோது டிசி அதை ஒட்டிப்போய் நிற்கும். 450 வோல்ட் என்று எழுதிய பழைய கண்டென்சருக்கு அது அதிகம்.

பின் எண்களை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 6வி6, 6எல்6, இஎல்34 மூன்றுக்கும் ப்ளேட் 3, ஸ்க்ரீன் (க்ரிட்டுக்கும் ப்ளேட்டுக்கும் நடுவே இருக்கும் இன்னொரு க்ரிட்) 4, க்ரிட் 5, கேதோடு 8, ஃபிலமென்ட் 2ம் 7ம். சாக்கெட்டை அடியிலிருந்து பார்க்கும்போது சாவிப் பள்ளத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். ஏசி30ல் உள்ள இஎல்84ல் 3ஆம் பின்தான் கேதோடு, ப்ளேட் 7ல். இரண்டு வகை ஆம்ப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர் பழக்கத்தில் கை வைக்கும் இடம் இது. இன்னொன்று: 6வி6, 6எல்6 வால்வுகளில் 6ஆம் பின் வேலையற்றது என்று புத்தகம் சொல்லும். ஆனால் ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் ஸ்க்ரீன் ரெசிஸ்டரை நிறுத்தி வைக்க அந்தக் காலிப் பின்னைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலையற்ற பின்னில் 400 வோல்ட் காத்திருக்கும்.

சரி, கரன்ட்டை அளப்பது. எனக்குப் பிடித்த வழி, 8ஆம் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே நிரந்தரமாக 1 ஓம் ரெசிஸ்டர் வைப்பது. ஓம் விதிப்படி 1 ஓமில் 1 மில்லிஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட், அதனால் மீட்டர் காட்டும் எண்ணே விடை. அளக்கும் புள்ளியும் சேசிஸும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். அந்தப் புள்ளியை ஆம்ப்பின் பின்புறம் ஒரு சின்ன ஜாக்காகக் கொண்டுவந்துவிட்டால், சேசிஸைத் திறக்காமலே கரன்ட்டைப் பார்க்கலாம். 1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டரே வாங்குங்கள். அது உண்மையில் 1 ஓம்தானா என்று சாதாரண மீட்டரால் சோதிக்க முடியாது, லீட்டின் தடையே 0.2, 0.3 ஓம் சேர்ந்து காட்டும். இஎல்34 என்றால் 1ஆம் பின்னும் 8ஆம் பின்னும் சேர்ந்தபடி ரெசிஸ்டருக்குப் போக வேண்டும்.

இந்த வழியையும் நூற்றுக்கு நூறு பத்திரமானது என்று சொல்ல முடியாது. வால்வுக்குள் ப்ளேட்டிலிருந்து கேதோடுக்கு ஆர்க் பாய்ந்து, அந்தச் சின்ன ரெசிஸ்டர் எரிந்து திறந்துவிட்டால், அளக்கும் ஜாக்கில் முழு வோல்டேஜும் வந்து நிற்கும். அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. அதனால்தான் மில்லிவோல்ட் அளக்கவும் நல்ல மீட்டரே வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது வழி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளையே ரெசிஸ்டராகப் பயன்படுத்துவது. ஆம்ப் அணைந்து, கண்டென்சர் வடிந்த நிலையில், சுருளின் நடுவிலிருந்து வரும் வயரான நடு டேப்பிலிருந்து ஒவ்வொரு ப்ளேட்டுக்கும் உள்ள தடையை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் 110 ஓம், மறுபக்கம் 125 ஓம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். சுற்றும்போது வெளியே வரும் பாதிக்குக் கம்பி நீளம் அதிகம், அவ்வளவுதான். பிறகு ஆம்ப் ஓடும்போது அதே இரண்டு புள்ளிக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கிறோம். முதல் பக்கம் 2.5 வோல்ட், இரண்டாவது 2.8 என்றால், வகுத்துப் பார்க்க 22.7, 22.4 மில்லிஆம்பியர், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்க்ரீன் கரன்ட் கலக்காத சுத்தமான ப்ளேட் கரன்ட் கிடைக்கும் என்பது இதன் பெருமை. மீட்டரின் திரையில் 2.5 என்று சாதுவாகத் தெரிந்தாலும் இரண்டு லீட்டும் சேசிஸுக்கு மேலே 415 வோல்ட்டில் மிதக்கின்றன என்பது இதன் ஆபத்து. ஒவ்வொரு புள்ளியையும் சேசிஸுக்கு அளந்து கழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 415, 412 என்று ஒரு வோல்ட் நுணுக்கத்தில் காட்டும் மீட்டரில் அந்தக் கழித்தல் எதற்கும் உதவாது. எனவே இந்த வழியில் போனால், கொக்கி இரண்டையும் அணைந்த நிலையில் மாட்டி, கையை எடுத்து, பவர் போட்டு, படித்து, அணைத்து, வடித்து, அப்புறமே கழற்ற வேண்டும்.

மூன்றாவதாக, அந்தச் சுருளுக்குக் குறுக்கே மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து நேரடியாகக் கரன்ட்டைப் படிப்பது. வேகமானது, பழைய கைகள் பலருக்கும் இதுதான் வழக்கம். ஆம்பியர் நிலையில் மீட்டர் என்பது ஒரு வயர் துண்டு மாதிரி. 3ஆம் பின்னில் இருக்கும் ப்ரோப் வழுக்கிச் சேசிஸைத் தொட்டால் முழு ஹை வோல்டேஜும் மீட்டர் வழியாகத் தரைக்குப் போகும். புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பழையவர்களுக்கும்தான். வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் பயாஸ் அடாப்டர் கிடைக்கிறது. சேசிஸை வெளியே எடுக்க மனமில்லாதவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது அதே கேதோடு ரெசிஸ்டர்தான்.

எண்ணைப் படிப்பது

23.5 மில்லிவோல்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது நல்லதா கெட்டதா என்று இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. "6வி6க்கு எத்தனை மில்லிஆம்பியர் வைக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். ப்ளேட்டில் எத்தனை வோல்ட் என்று திருப்பிக் கேட்பவரை நம்பலாம். வால்வைச் சுடுவது கரன்ட்டும் வோல்டேஜும் சேர்ந்த வாட்தான்.

ஆகவே 3ஆம் பின். கறுப்பு சேசிஸில், சிவப்பு கொக்கி 3ல், மீட்டர் 1000 வோல்ட் டிசி நிலையில், எல்லாம் அணைந்திருக்கும்போதே. பக்கத்தில் 2ஆம் பின்னில் ஃபிலமென்ட், 4ல் ஸ்க்ரீன். கொக்கி இரண்டைச் சேர்த்துத் தொடாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பவர் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டுப் படிக்க வேண்டும்.

420 வோல்ட் என்று வந்தது. கேதோடு கரன்ட்டில் ஸ்க்ரீனின் பங்கும் உண்டு; 6வி6க்கு ஒன்றரை மில்லிஆம்பியர் என்று தோராயமாகக் கழித்தால் ப்ளேட்டுக்கு 22. 22ஐ 420ஆல் பெருக்க 9.2 வாட். இனி வால்வின் உச்சவரம்போடு ஒப்பிட வேண்டும். இங்கேதான் வேடிக்கை. 6வி6ஜிடியின் பழைய டேட்டா ஷீட் 12 வாட் என்கிறது, பின்னால் வந்த 6வி6ஜிடிஏ 14 வாட் என்கிறது. முதலாவதை எடுத்தால் நாம் 77 சதவீதத்தில் இருக்கிறோம், இரண்டாவதை எடுத்தால் 66. ஒரே ஆம்ப், ஒரே அளவு. ஒன்றில் சூடு, மற்றதில் சரி. கூடவே, பழைய டேட்டா ஷீட் 6வி6ஜிடியின் ப்ளேட்டுக்கு அனுமதித்தது 315 வோல்ட்தான். ஃபெண்டர் அதே வால்வைத் தைரியமாக 415ல் ஓட்டினார்கள், அந்தக் கால அமெரிக்க 6வி6கள் தாங்கின. இன்று வரும் எல்லா 6வி6ம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வால்வின் உச்சவரம்பில் 70 சதவீதத்துக்குப் பயாஸ் வை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பில் சிக்னல் போகும்போது வால்வின் சராசரிச் சூடு, சும்மா இருந்ததைவிட ஏறும். அந்த ஏற்றத்துக்கு இடம்விட்டு வைத்த மேல் எல்லை அது. 30 வாட் தாங்கும் 6எல்6ஜிசிக்கு 450 வோல்ட்டில் 47 மில்லிஆம்பியர், 25 வாட் தாங்கும் இஎல்34க்கு அதே வோல்டேஜில் 39 என்று அந்தக் கணக்கு தரும். அதைத் தொட்டே ஆக வேண்டிய இலக்காகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஃபெண்டரின் ஹாட் ராட் டீலக்ஸைப் பாருங்கள். அதில் பயாஸ் பார்க்கவே டிபி30 என்று ஒரு புள்ளி இருக்கிறது, தொழிற்சாலை சொல்லும் அளவு இரண்டு 6எல்6க்கும் சேர்த்து 60 மில்லிவோல்ட். வால்வுக்கு 30 மில்லிஆம்பியர். ப்ளேட்டில் 420 வோல்ட் வாக்கில் வைத்துப் பார்த்தால் 12.6 வாட், அதாவது 42 சதவீதம். லட்சக்கணக்கான மணி நேரம் மேடைகளில் அப்படியே ஓடிய ஆம்ப் அது. ஐம்பது சதவீதத்தில் தொடங்கி, மெதுவாக வாசித்துக் கேட்டு, கரகரப்பு போகும் இடத்தில் நிறுத்துவதே என் வழக்கம். 60க்கும் 70க்கும் நடுவே கேட்கும் வித்தியாசத்தைவிட மின்சாரச் செலவும் வால்வின் விலையும் நன்றாகத் தெரிகிறது.

திருகும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. மைனஸைக் கூட்டிக் குறைக்கும் திருகான பயாஸ் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டரை) எந்தப் பக்கம் திருப்பினால் மைனஸ் கூடும் என்று வால்வு இல்லாதபோதே பார்த்து வைத்துக்கொண்டு, அதிக மைனஸில் ஆரம்பிக்க வேண்டும். பாட் உள்ளே இருந்தால் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர், ஒரு கை மட்டும். கரன்ட்டைக் கூட்டினால் ப்ளேட் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், எனவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து மறுபடி பெருக்க வேண்டும்.

கேதோடு பயாஸ் ஆம்ப்பில் கணக்கு இன்னும் எளிது. ஏசி30 வகையில் நான்கு இஎல்84க்கும் பொதுவாக 50 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் 10 வோல்ட் நின்றால் மொத்தம் 200, ஆளுக்கு 50 மில்லிஆம்பியர். ஸ்க்ரீனுக்கு ஐந்தைக் கழித்து, ப்ளேட்டில் 320 இருந்தால் கேதோடின் 10ஐயும் கழித்து 310ஆல் பெருக்க, 14 வாட்டை நெருங்கும். வால்வின் வரம்பு 12. இந்த வகை ஆம்ப்கள் இஎல்84களை அடிக்கடி கேட்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் வேண்டியதில்லை.

சுவர் வோல்டேஜையும் கூடவே குறித்து வையுங்கள். டீலக்ஸ் ரிவெர்ப் படம் 117 வோல்ட்டுக்குப் போட்டது. சுவரில் 10 சதவீதம் ஏறினால் உள்ளே 415 என்பது 456 ஆகும், ஃபிலமென்ட்டின் 6.3 வோல்ட் 6.9ஐ எட்டும். நம் ஊரில் மதியம் 240, மாலையில் 215 என்று ஆடும் தெருக்களில், மதியம் சரிசெய்த பயாஸை மாலையில் அளந்தால் வேறாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வோல்டேஜ் உயர்வாக இருக்கும் நேரத்தில் அளந்து வைத்தால் பயமில்லாமல் தூங்கலாம்.

இரண்டு வால்வுக்கும் நடுவே நான்கைந்து மில்லிஆம்பியர் வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனாலோ, ஒரு வால்வு மட்டும் சிவந்தாலோ, பாட்டைத் திருகித் தீர்க்க முயல வேண்டாம். அணைத்து, வடித்து, இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு வால்வோடு கூடவே போனால் வால்வுதான் கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் அந்தப் பக்கத்து 5ஆம் பின்னைப் பாருங்கள். ஒரு பக்கம் மைனஸ் 35ம் மறுபக்கம் மைனஸ் 28ம் இருந்தால், முன்னால் இருக்கும் 0.1 மைக்ரோஃபேரட் கப்ளிங் கண்டென்சர் டிசியைக் கசியவிடுகிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் எத்தனை ஜோடி புது வால்வு வாங்கிப் போட்டாலும் அந்தப் பக்கத்து வால்வு சிவந்துகொண்டேதான் இருக்கும்.